ஆதிலட்சுமியில் ஏறியவர்கள்

1864ஆம் ஆண்டு ஆதிலட்சுமி என்றொரு கப்பல், இலங்கைக்குக் கூலி வேலைக்கு வந்துகொண்டிருந்த 120 தமிழர்களோடு கடலில் மூழ்கியது. மலையக வரலாறு எழுதியவர்கள் பலர் இந்த ஒரு வரியை எழுதியிருக்கிறார்கள். எழுதிய கையோடு காலராவுக்கோ கோப்பித் தோட்டத்துக்கோ போய்விடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஓர் ஆண்டு, ஒரு கப்பலின் பெயர், ஒரு தலைக்கணக்கு. இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு ஓர் அத்தியாயம் எழுத யாராலும் ஆகாது.

மடுல்கெல்லவில் உட்கார்ந்துகொண்டு கப்பலைப் பற்றி எழுதுவது சிலருக்கு வேடிக்கையாகப் படலாம். கண்டியிலிருந்து வத்தேகம, பன்வில என்று பஸ் ஏறியபடியே வந்து சேரும் இடம் இது. மேலே நக்கிள்ஸ் மலை, கீழே தேயிலை. மழைக்காலத்தில் மூடுபனி இறங்கினால் எதிர்க்கடைப் பலகை தெரியாது. இங்கிருக்கும் பிள்ளைகளில் பலர் கடலைப் பார்ப்பது பள்ளிக்கூடச் சுற்றுலாவில்தான். ஆனாலும் இந்த மலையில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் எல்லாமே ஒரு காலத்தில் கடல் தாண்டியவர்களின் வழி வந்தவை. கடல் இங்கே யாருடைய பேச்சிலும் இல்லை என்பதுதான் எனக்கு வியப்பு.

லயத்தில் வயதான ஒருவரிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். நாடு எது என்று கேட்டால் தயங்காமல் சொல்வார்: திருச்சி ஜில்லா, துறையூர்ப் பக்கம். குலதெய்வத்தைச் சொல்வார். முதலில் கூட்டி வந்த பெரிய கங்காணியின் பெயரை மூன்று தலைமுறை தாண்டியும் சொல்வார். "எந்தக் கப்பல்லங்க வந்தாங்க?" என்று ஒருவரிடம் கேட்டேன். "கப்பலா? அது என்னமோ தம்பி. கங்காணி கூட்டியாந்தாரு, அம்புட்டுத்தான் தெரியும்" என்றார்.

அவர் சொன்னதில் ஒரு முழு நிர்வாக முறையே அடங்கியிருக்கிறது. ஊரில் ஆள் சேர்த்தது கங்காணி. முன்பணம் கொடுத்தது கங்காணி. தோணிக்கூலி, வழிச்சாப்பாடு எல்லாவற்றையும் கடனாக எழுதிக்கொண்டதும் கங்காணி. தோட்டத்துக்கு வந்த பிறகும் துரைக்குத் தெரிந்தது கங்காணியைத்தான். அவருக்குக் கீழே இத்தனை ஆள் என்பது ஒரு கணக்கு. ஆள் வேலைக்கு இறங்கினால் கங்காணிக்குத் தலைக்காசு. இந்த ஏற்பாட்டில் கப்பல் என்பது கங்காணியின் கொடுக்கல் வாங்கலில் ஒரு செலவு. ஏறியவருக்கு அதன் பெயர் தெரிய வேண்டிய தேவையே வரவில்லை.

வழிகள் இரண்டு இருந்தன. தொண்டி, தேவிபட்டினம், இராமேஸ்வரம் பக்கத்துக் கரையிலிருந்து மன்னாருக்கு வருவது ஒன்று. தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு வருவது மற்றது. முதல் வழியில் கடல் குறைவு, நடை அதிகம். காற்று வாய்த்தால் சீக்கிரமே கரை சேரலாம். அதற்குப் பிறகு மன்னாரிலிருந்து மாத்தளை வரை காடு. தண்ணீர் கிடைக்காத வறண்ட காடு, இடையிடையே அம்பலங்கள், நடக்க முடியாதவரை விட்டுவிட்டு நகரும் கூட்டம். மாத்தளையில் மாரியம்மனைக் கும்பிட்டுவிட்டுச் சிலர் கம்பளைப் பக்கம் போனார்கள். சிலர் இந்தப் பக்கம் ஏறினார்கள்.

1849இல் கொழும்பு ஒப்சேவர் பத்திரிகை ஒரு கணக்குப் போட்டது. 1840களில் வந்த கூலிகளில் 70,000 பேர் வழியிலும் தோட்டங்களிலும் செத்திருப்பார்கள் என்றது; வந்தவர்களில் ஏறத்தாழ நாலில் ஒருவர். அந்தக் கணக்கோடு ஒப்பிட்டால் ஆதிலட்சுமி ஒரு பெரிய சாவே இல்லை. 70,000க்கு முன்னால் 120 என்ன? அப்படியிருந்தும் அந்தப் பல்லாயிரம் பேர் ஒரு பெயருமில்லாமல் காட்டோடு போக, 1864இன் 120 பேர் மட்டும் ஒரு பெயரின் கீழ் நிற்கிறார்கள். அதுவும் அவர்களுடைய பெயர் இல்லை. கப்பலுக்குச் சொந்தக்காரர் உண்டு, விலை உண்டு. அது போனால் கேட்க ஆள் உண்டு. ஆகையால் அதன் பெயர் தங்கிவிட்டது. திருமகளின் பெயரைக் கப்பலுக்கு வைப்பது நம் கரையோர வணிகர்களின் பழக்கம். பாற்கடலில் பிறந்தவள் என்பதால் கடல் அவளை ஒன்றும் செய்யாது என்று நம்பியிருப்பார்கள்.

கப்பல் என்றால் அதை ஓட்டியவர்களும் உண்டு. தண்டல், சுக்கானி, பாய் இழுக்கும் கலாசிகள். பாக்கு நீரிணையின் இரு கரையிலும் மரைக்காயர், பரதவர், கரையார் எனக் கடல் தெரிந்த சமூகங்கள் தலைமுறைகளாகச் செய்துவந்த தொழில் அது. அரிசி, கருவாடு, புகையிலை, ஓடு என்று ஏற்றி இறக்கிய அதே கைகள் கோப்பிக் காலத்தில் ஆட்களையும் ஏற்றின. மலையக வரலாற்றில் கூலி வருகிறார், கங்காணி வருகிறார், துரை வருகிறார். இவர்களை இக்கரை சேர்த்த மாலுமி எங்கேயும் வருவதில்லை. நம்மவர் எழுதிய நாவல்களில்கூட அவரைத் தேடிக் களைத்துவிட்டேன். ஆதிலட்சுமியின் 120இல் இந்த மனிதர்கள் சேர்த்தி இல்லை. அது கூலிகளின் கணக்கு.

பெயர் இல்லாமல் போனதற்கு ஏழ்மைதான் காரணம் என்று சொல்லிவிடுவது சுலபம். நானும் பலர் அப்படிச் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது சரியில்லை. ஆதிலட்சுமிக்கு நாலு வருடம் முன்பு, 1860 நவம்பர் 16ஆம் தேதி, சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ என்ற கப்பல் தென்னாபிரிக்காவின் டேர்பன் துறைமுகத்தை அடைந்தது. நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன 342 பேர் அதில் இருந்தார்கள். அவர்களும் ஏழைகள்தான், பலர் இதே தமிழ் மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள்தான். அந்தக் கப்பலின் பட்டியல் இன்றும் இருக்கிறது. பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், உடம்பில் உள்ள மச்சமோ தழும்போ எல்லாம் எழுதியிருக்கிறது. குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியதால் பெயர்கள் சிதைந்து கிடக்கின்றன என்பது வேறு விஷயம். 1911 வரை நேட்டாலுக்குப் போன 152,184 பேருக்கும் இப்படிப் பதிவு உண்டு. டேர்பனில் இருக்கும் ஒரு பேத்தி தன் பாட்டனின் ஊரைக் கண்டுபிடித்து வேலூர்ப் பக்கமோ தஞ்சாவூர்ப் பக்கமோ வந்து நிற்க முடிகிறது.

கப்பல் மூழ்கியபோதும் அப்படித்தான். 1884 மே 11ஆம் தேதி, கல்கத்தாவிலிருந்து பீஜித் தீவுக்குப் போன சிரியா என்ற கப்பல் நசிலாய்ப் பவளப் பாறையில் மோதி உடைந்தது. ஏறத்தாழ 500 கூலிகளில் 56 பேரும் கப்பல் ஊழியரான லஸ்கார் மூவரும் மாண்டார்கள். கூலி ஒவ்வொருவருக்கும் குடியேற்றச் சீட்டு இருந்தது. பின்னால் பீஜியின் வரலாற்றாசிரியர்களால் அந்தச் சாவை மனிதர்களின் சாவாக எழுத முடிந்தது. லஸ்கார்களையும் சேர்த்து எண்ணியிருக்கிறார்கள் பாருங்கள்.

வித்தியாசம் சட்டத்தில் இருந்தது. மொரீசியசுக்கும் நேட்டாலுக்கும் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் ஆள் அனுப்புவதைப் பிரிட்டிஷ் இந்திய அரசு கண்காணித்தது. குடியேறுவோர் காப்பாளர் என்ற அதிகாரியின் கையெழுத்து இல்லாமல் கப்பல் நகராது. நல்லெண்ணத்தால் அல்ல, அடிமை வியாபாரம் வேறு பெயரில் நடக்கிறது என்று லண்டனில் கூச்சல் எழுந்த பிறகு வந்த ஏற்பாடு அது. இலங்கைக்கு மட்டும் விலக்கு. 1847இன் 13ஆம் சட்டம் தென்னிந்தியாவிலிருந்து இலங்கைக்குக் கூலிகள் போவதற்கு இருந்த தடையை நீக்கியது. இலங்கை கைக்கெட்டும் தூரம். போகிறவன் தன் விருப்பத்தில் போகிறான், அறுவடை முடிந்தால் திரும்பி வருகிறான். தஞ்சாவூருக்கு நடவுக்குப் போவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு என்பது தோட்டக்காரர்களின் வாதம். அவர்களுக்குப் பலம் இருந்தது. 1854இலேயே கண்டியில் தோட்டத் துரைமார் சங்கம் அமைத்துவிட்டார்கள். விருப்பத்தில் போகிறவனுக்கு ஒப்பந்தம் எதற்கு? ஒப்பந்தம் இல்லாதவனுக்குப் பதிவேடு எதற்கு? சுதந்திரமான கூலி என்று பெயர் சூட்டி, கேள்வி கேட்பாரில்லாமல் தோணியில் ஏற்றினார்கள். மலையகத் தமிழருக்கு நேர்ந்த எல்லாவற்றிலும் இந்தச் சுதந்திரம்தான் மிக மோசமான தந்திரம் என்பது என் எண்ணம்.

கப்பல் போன பிறகு என்ன நடந்திருக்கும்? கடலுக்கு அக்கரையில் ஒரு தாய்க்குத் தெரிந்தது மகன் கண்டிச்சீமைக்குப் போயிருக்கிறான் என்பது. கோப்பிக் காலத்துக் கூலிகள் பெரும்பாலும் ஆண்கள். பழம் பறிக்கும் காலத்துக்கு வந்து, கையில் கொஞ்சம் காசோடு திரும்புகிறவர்கள். குடும்பத்தோடு வந்து லயத்தில் தங்கிவிடுவது தேயிலைக்குப் பிறகு வந்த வழக்கம். போன வருடம் போனவன் இந்த வருடம் வரவில்லை என்றால் கண்டிச்சீமையில் இருக்கிறான் என்றுதான் ஊர் சொல்லும். இரண்டு வருடமானால் அங்கேயே ஒருத்தியைச் சேர்த்துக்கொண்டான் என்று சொல்லும். செத்தான் என்று சொல்ல யாராவது வந்து சொல்ல வேண்டுமே! இக்கரையில், மடுல்கெல்லவிலோ வேறெங்கோ ஒரு துரை, இந்த மாதம் வர வேண்டிய ஆட்கள் வந்து சேரவில்லை என்று நோட்டில் குறித்திருப்பார். கொடுத்த முன்பணத்தை நட்டத்தில் எழுதியிருப்பார். அவரைப் பொறுத்தவரை அந்த ஆட்கள் இன்னும் பிறக்கவேயில்லை. தோட்டத்துச் செக்ரோலில் பேர் விழுந்தால்தான் ஆள். அக்கரையில் உயிரோடு இருப்பதாக நினைக்கப்பட்டார்கள். இக்கரையில் வந்ததாகவே கணக்கில்லை. கருமாதி நடந்திருக்க வழியில்லை. தாலி கழற்றாமலே எத்தனை பேர் காத்திருந்தார்களோ.

கண்டி நகரத்தில் தலதா மாளிகைக்குப் பின்புறம், தேசிய நூதனசாலையைத் தாண்டிக் கொஞ்சம் மேட்டில், பிரிட்டிஷ் படையினரின் பழைய மயானம் ஒன்று இருக்கிறது. நன்றாகப் பராமரிக்கிறார்கள், புல் வெட்டி, கல்லைக் கழுவி. அங்கே போய்ப் பாருங்கள். 1824இல் இறந்த ஜோன் டொயிலி அங்கே கிடக்கிறார். காட்டு யானை மிதித்து 1856இல் இறந்த ரொபர்ட்சனுக்குக் கல் உண்டு. குதிரையிலிருந்து இறங்கும்போது நட்டிருந்த கட்டை குத்தி இறந்தவருக்குக் கல் உண்டு. வீடு இடிந்து விழுந்து செத்தவருக்கும் உண்டு. காய்ச்சலில் போன கைக்குழந்தைகளுக்கு வயதை மாதக் கணக்கில் பொறித்திருக்கிறார்கள். எனக்கு அந்தக் கல்லறைகள்மீது கோபம் எதுவும் இல்லை. அந்தத் தாய்மாரின் துக்கமும் துக்கம்தான். ஆனால் ஒரு மனிதன் எப்படிச் செத்தான் என்று எழுதி வைக்கும் பழக்கம் அந்த ஆட்சியிடம் நன்றாகவே இருந்திருக்கிறது என்பதை அங்கே கண்ணால் பார்க்கலாம்.

பதிவு இல்லாமல் வந்ததன் கடனைச் செத்தவர்கள் மட்டும் கட்டவில்லை. 1948இல் இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. இங்கே பிறந்ததாக நிரூபி, தகப்பன் இங்கே பிறந்ததாக நிரூபி என்றது. எழுதாமல் ஏற்றி, எழுதாமல் இறக்கி, லயத்தில் எழுதாமல் பிறக்கவிட்டவர்களின் வாரிசு அரசு, எழுத்தைக் கேட்டது. ஏறத்தாழ ஏழு இலட்சம் பேர் நாடற்றவர்களானார்கள். சட்டத்தின் நோக்கம் வாக்குரிமையைப் பறிப்பது, அதில் ஐயமில்லை. ஆனால் அதற்கு ஆயுதமாகக் கிடைத்தது இந்தக் காகிதமின்மை.

அதன்பின் 1964. ஆதிலட்சுமி மூழ்கிச் சரியாக நூறு வருடம். ஒக்டோபர் 30ஆம் தேதி சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்திட்டார்கள்: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம். இரு நாட்டுத் தலைவர்கள் மக்களைப் பங்கு பிரித்த அதே வருடம், டிசெம்பர் 22 இரவு புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பாம்பனிலிருந்து போன ரயில் பயணிகளோடு கடலுக்குள் போயிற்று. தலைமன்னாருக்குக் கப்பல் விட்டுக்கொண்டிருந்த துறைமுகம் இல்லாமலானது. ஒப்பந்தப்படி அனுப்பப்பட்டவர்கள் பிற்பாடு இராமேஸ்வரத்துக்குப் போனார்கள். இராமானுஜம் என்ற கப்பலை இன்றைக்கும் நினைவு வைத்திருப்பவர்கள் நீலகிரியிலும் இங்கேயும் இருக்கிறார்கள். அந்தக் கப்பலில் ஏறிய ஒவ்வொருவருக்கும் கடவுச்சீட்டு இருந்தது, படம் இருந்தது, குடும்ப விபரம் இருந்தது; மண்டபம் முகாமில் அவற்றைச் சரிபார்த்து முத்திரை குத்தினார்கள். வரும்போது எழுதாத பெயரைத் திருப்பி அனுப்பும்போது பிழையில்லாமல் எழுதினார்கள்.

இதெல்லாம் பழங்கதை, இப்போது கப்பல் மூழ்கினால் உலகத்துக்கே தெரியும் என்பார்கள். பாதி உண்மை. 2021இல் கொழும்புக்கு வெளியே எக்ஸ்பிரஸ் பேர்ள் எரிந்து மூழ்கியது. 1,486 கொள்கலன்கள், 25 தொன் நைத்திரிக் அமிலம், கரையெல்லாம் ஒதுங்கிய பிளாஸ்டிக் மணிகள் என்று சரக்கு முழுவதற்கும் கணக்கு இருந்தது. அந்தக் கணக்கு இருந்ததால்தான் வழக்குப் போட முடிந்தது. 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் நூறு கோடி டொலர் நட்டஈடு விதித்தது. ஊழியர்கள் எல்லாரும் உயிர் தப்பினார்கள், நல்ல காலம். 2024 ஜூலையில் ஓமான் கடலில் கவிழ்ந்த பிரெஸ்டீஜ் ஃபால்கன் என்ற எண்ணெய்க் கப்பலில் 16 பேர்: இந்தியர் 13, இலங்கையர் 3. உயிரோடு மீட்டது ஒன்பது பேரை. கப்பலில் பறந்தது கொமொரோஸ் தீவுகளின் கொடி. செய்தி இரண்டு நாள் ஓடியது, மறைந்தது. அந்த மூன்று இலங்கையர் எந்த ஊர்க்காரர்கள் என்று நம் பத்திரிகைகளில் எத்தனை பேர் தேடி எழுதினார்கள்? சிங்களமோ தமிழோ, மாலுமி என்றால் நமக்கு இன்னமும் எண்ணிக்கைதான்.

2023இல் மலையகம் 200 என்ற இருநூற்றாண்டு நினைவாக ஜூலை 28ஆம் தேதி தலைமன்னாரிலிருந்து புறப்பட்டு ஓகஸ்ட் 12இல் மாத்தளையை அடைந்த நடைபயணம் நல்ல காரியம். இளைஞர்கள் காலில் கொப்புளத்தோடு நடந்தார்கள். வழியில் சிங்கள ஊர்களில் தண்ணீர் கொடுத்து வரவேற்றார்கள். ஆனால் அந்தப் பயணம் கரையில் தொடங்கியது. கரைக்கு வந்து சேராதவர்களுக்கு அதில் இடமில்லை. இது குற்றச்சாட்டு இல்லை. கடலில் நடக்க முடியாது. செய்யக்கூடியது வேறு.

கொழும்பு ஒப்சேவரின் 1864ஆம் ஆண்டு இதழ்களை யாராவது முழுதாகப் புரட்டிப் பார்க்க வேண்டும். கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களம் இருக்கிறது. சென்னை எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. கப்பல் நட்டமானால் துறைமுக அதிகாரிக்கு அறிக்கை போகும், முன்பணம் நட்டமானால் துரைமார் சங்கத்துக்கு முறைப்பாடு போகும். காசு போன இடத்தில் காகிதம் இருக்கும். ஒரு கங்காணியின் பெயர் கிடைத்தாலும் போதும், அதைப் பிடித்துக்கொண்டு ஓர் ஊர் வரை போகலாம். ஊர் தெரிந்தால் கண்டிச்சீமைக்குப் போய்த் திரும்பாதவர்களைப் பற்றி அங்கே கேட்டுப் பார்க்கலாம். ஒப்பாரியில், குடும்பக் கதையில் ஏதாவது மிஞ்சியிருக்கக்கூடும். சி.வி. வேலுப்பிள்ளை இந்த மலைகளில் தொழிலாளர் பாட்டுகளைத் தேடித் தொகுத்ததுபோல, அக்கரையில் அந்தக் கோணத்தில் தேட ஆள் வேண்டும்.

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் தோட்டத்துப் பிள்ளைகள் இப்போது வரலாறும் தமிழும் படிக்கிறார்கள். இறுதி வருட ஆய்வுக்குத் தலைப்புக் கிடைக்கவில்லை என்று அலைகிறவர்கள் இதை எடுத்துக்கொள்ளட்டும். அகப்படுவது நாலு பெயராக இருந்தாலும், பெயர்களை முதல் பக்கத்தில் போடுங்கள்.